இன்வென்டரியில் ஏறிய கால்கள்

1. கையெழுத்தால் வந்த பதவி

உதவிச் சாதனங்களுக்கான ஆலோசனைச் சபைக்கு நான் செயலாளனானது திறமையால் அல்ல, கையெழுத்தால். சுனாமியாய்க் கடல் வந்து போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் எழுதுனராக இருந்த அரசாங்கக் கந்தோரில் கணினிகள் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு மூலையில் கிடந்தன. கூட்டறிக்கையைக் கையால்தான் எழுத வேண்டும். என் எழுத்தைப் பிறரும் வாசிக்க முடியும் என்பது கந்தோரில் ஏற்கனவே என் மேல் இருந்த குற்றச்சாட்டு. சபையின் தலைவராகப் பொறுப்பேற்ற எங்கள் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐசே, நீர் வாரும். பேசுறதெல்லாம் எழுதத் தேவையில்லை. முடிவை மட்டும் எழுதும்."

முடிவு எடுப்பார்கள் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

கையோ காலோ கண்ணோ காதோ குறைந்தவர்களுக்கு எந்தச் சாதனத்தை, யார் மூலம், எப்படிக் கொடுப்பது என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்வது எங்கள் வேலை. அந்த மக்களை எப்படி அழைப்பது என்பது சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு தடவையும் விண்ணப்பக் கோவையின் அட்டையை மாற்றினேன். உள்ளே இருந்த விண்ணப்பங்கள் மாறவில்லை. சபை உறுப்பினர்கள் எல்லோரும் திணைக்களத் தலைவர்கள். மூக்குக்கண்ணாடியைத் தவிர வேறு உதவிச் சாதனம் அறியாதவர்கள்.

விதிவிலக்கு லெனாட். கல்லடியில் பட்டறை வைத்துப் பொய்க்கால் செய்கிற, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். மரவேலையும் இரும்பு வேலையும் அவர் குடும்பத்துக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடல் அவருடைய வீட்டின் முன்பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. கடைசல் இயந்திரத்தை மட்டும் மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி ஓட வைத்திருந்தார். அவருடைய பெயருக்கு நேரே 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நானும் ஆலோசனை சொல்லப் போனா ஆணிய ஆர் அடிக்கிற?"

முதல் கூட்டத்தில் முதல் நெருக்கடி. வெளிநாட்டு நன்கொடையாகச் சக்கர நாற்காலிகள் வந்திருந்தன. பளபளவென்று, மெல்லிய சக்கரங்களோடு. வழுக்கும் தரையுள்ள ஆஸ்பத்திரி ஒன்றுக்காகச் செய்தவை. கல்லடிக் கடற்கரை மணலில் இறக்கியதும் அச்சு வரைக்கும் புதைந்தன. தடித்த சைக்கிள் டயர் போட்டால் சரியாகும் என்றார் லெனாட். அரை மணி நேரம் கலந்துரையாடிய சபை, 'மணல் குறைந்த பாதைகளைப் பயன்படுத்துமாறு பயனாளிகளுக்கு அறிவுறுத்துதல்' என்று முடிவெடுத்தது. நான் அழகாக எழுதினேன்.

2. கால் தீருமா?

அதற்குப் பிறகுதான் என் வாழ்நாளின் மிகப் பெரிய நிர்வாகச் சாதனை. இளம் எழுதுனர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசித்து, செய்யாமல் விட வேண்டும்.

லெனாட் செய்கிற கால்களுக்கான பொருட்களைச் சபை வாங்கிக் கொடுத்தது. அரசாங்கம் கொடுக்கிற எதுவும் ஏதோ ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும். எங்கள் கந்தோரில் பொருட்கள் இரண்டு வகை. கடதாசி, மை, சவர்க்காரம் போலத் தீர்ந்துபோகிறவை ஒன்று. மேசை, அலுமாரி, மின்விசிறி போலத் தீராதவை மற்றது. அவை இன்வென்டரிப் புத்தகத்துக்குப் போகும், இலக்கம் பெறும், என்றைக்கும் அரச உடைமையாக இருக்கும்.

பொய்க்கால் தீருமா? மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு யோசித்தேன். தீராது. ஆகவே இன்வென்டரியில், இரும்பு அலுமாரி இரண்டுக்கும் சுவர் மணிக்கூடு ஒன்றுக்கும் கீழே, கால்களை ஏற்றினேன். வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு கல்லடிக்குப் போய், ஒவ்வொரு காலின் கெண்டைப் பக்கத்திலும் இலக்கம் எழுதத் தொடங்கினேன்.

லெனாட் வேலையை நிறுத்தினார். "கிளாக்கர் ஐயா, இது ஆர்ட கால்?"

"அரசாங்கத்திட கால்."

"அப்ப அரசாங்கத்த வரச் சொல்லுங்க. அளவெடுக்கணும்."

நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பகிடி விளங்காத வயது, முப்பத்தெட்டு. தலைவர் என் ஒழுங்கைப் பாராட்டிக் கடிதம் தந்தார். அது இன்னும் என் தனிக்கோவையில் இருக்கிறது. எடுத்துவிடச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

இன்வென்டரியில் ஏறியதற்கு வருடா வருடம் கணக்கெடுப்பு உண்டு. சேர்வே போர்ட் என்று மூன்று உத்தியோகத்தர்கள் ஜனவரியில் உட்காருவார்கள். பொருளைக் கண்ணால் கண்டு இலக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆகவே 'தங்கள் வசமுள்ள அரச உடைமையுடன் சமுகமளிக்கவும்' என்று கடிதம் அனுப்பினேன். வந்தார்கள். மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்து, சாரத்தை உயர்த்தி, காலைக் கழற்றி மேசையில் வைத்தார்கள்.

வாழைச்சேனை மீனவர் ஒருவர் மட்டும் கழற்றவில்லை. "ஐயா, ரெண்டு பஸ் மாறி, ஏறி இறங்கி, படியேறி நடந்து வந்திரிக்கன். கால் இரிக்கா இல்லையா எண்டு இனியும் உங்களுக்குச் சந்தேகமா?"

கழற்றச் சொன்னோம். இலக்கம் பார்க்க வேண்டுமே.

புதுப் பொருள் வேண்டுமானால் விதி இதுதான்: பழையதை ஒப்படைக்க வேண்டும். சேர்வே போர்ட் அதைப் பார்த்து, இனி உதவாது என்று கழிக்க வேண்டும். அதன்பிறகே புதியது. நாற்காலிக்கு நல்ல விதி. நாற்காலி போனவன் அதுவரைக்கும் நின்றுகொள்ளலாம்.

3. பூமணி

யுத்தம் முடிந்தது. முகாம்களில் இருந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மாரி விதைப்புக்குச் சில கிழமைகளே இருந்தபோது நடந்த கூட்டத்துக்கு லெனாட் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். கரடியனாற்றுப் பூமணி. மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனவர். முகாமுக்குப் போகும் முன்னரே எங்கள் கால் ஒன்றைப் பெற்றிருந்தார். இப்போது முழங்காலுக்குக் கீழே எஞ்சிய பகுதி மெலிந்துவிட்டது. பொய்க்காலுக்குள் துணியைச் சுற்றித் திணித்துக் கட்டியிருந்தார். அதன் பாதம் வெடித்துப் பிளந்திருந்தது.

"ரெண்டேக்கர் வயல் இரிக்கி ஐயா" என்றார் தலைவரைப் பார்த்து. "மனிசன் செத்துப்போனார். நான் முகாமில கிடந்த காலம் அவர்ட தம்பிதான் செய்தவர். இப்ப தரமாட்டாராம். வெள்ளாமைக் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால கேக்கார், 'ஒத்தக் காலோட இவ என்னத்த விதைக்கப் போறா' எண்டு. இந்த மாரிக்கு நானே வயல் வட்டைக்குள்ள இறங்கி விதைச்சா வயல் எனக்கு. இல்லாட்டி அவர் கையில விடுற எண்டு கூட்டத்தில முடிவு."

எங்களைப் போலன்றி அந்தக் கூட்டம் முடிவெடுத்திருந்தது.

தலைவர் இரக்கமுள்ள மனிதர். அதனால் விதியை மெதுவாகச் சொன்னார். "அம்மா, பழைய காலை ஒப்படையுங்கோ. ஜனவரியில சேர்வே போர்ட் பாக்கும். பிறகு புதுசு தருவம்."

"அதுவரைக்கும் நான் என்னத்தில நிக்கிற ஐயா?"

"நல்ல கேள்வி" என்றார் தலைவர். "ஐசே, அதை எழுதும்."

எழுதினேன்.

ஓர் உறுப்பினர், இடைக்காலத்துக்கு ஊன்றுகோல் வழங்கலாம் என்றார்.

"ரெண்டு கையையும் அது புடிச்சா, விதைநெல்ல வாயாலயா எறியிற?" என்று கேட்டார் பூமணி.

இன்னொருவர் தந்திரமான ஆள். யுத்தத்தில் அழிந்த பொருட்களை ஒரு கடிதத்தோடு கழிக்க வழியிருக்கிறது, கால் அழிந்துவிட்டதாக இவர் எழுதித் தந்தால் போதும் என்றார். பூமணி காலைத் தொட்டுக் காட்டினார்.

"ஷெல் அடிக்கக்குள்ள என்னக் கொண்டுவந்து சேத்த கால் இது. இஞ்ச என்னோடதான் வந்திரிக்கி. அழிஞ்சிட்டெண்டு எப்பிடி ஐயா பொய் எழுதுற?"

விடயம் 'மேலதிக ஆலோசனைக்காக ஒத்திவைக்கப்பட்டது'. அடுத்த கூட்டம் மூன்று மாதத்தில். பூமணி படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போனார். லெனாட் என்னைப் பார்த்த பார்வைக்குக் கூட்டறிக்கையில் இடமில்லை.

4. ஏகமனதாக

நேர்மையான வழி ஒன்று இருந்தது. காலை இன்வென்டரியில் ஏற்றியது தவறு, ஏற்றியவன் நான் என்று கணக்காய்வுக்கு எழுதலாம். பதவி உயர்வு நேர்முகத்துக்கு என் பெயர் போயிருந்த நேரம். எழுதவில்லை. ஆகவே நேர்மையற்ற வழியை யோசித்தேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். கூட்டம் தொடங்கியதும் முந்தைய கூட்டறிக்கை உறுதிப்படுத்தப்படும். அதாவது தேநீரும் பட்டிஸும் மேசைக்கு வரும், ஒருவர் முன்மொழிவார், பட்டிஸை விழுங்கியபடி இன்னொருவர் வழிமொழிவார். யாரும் வாசிப்பதில்லை. ஒரு தடவை மூன்றாம் விடயத்துக்குப் பிறகு ஐந்தாம் விடயத்தை எழுதிவிட்டேன். நான்காவது எங்கே என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஒத்திவைப்பு வாசகத்தை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'செயற்கைக் கால்கள், அணிபவரின் உடலின் பகுதி எனக் கருதப்பட்டு, இன்வென்டரியிலிருந்து நீக்கப்பட வேண்டும் எனவும், பழையதை ஒப்படைக்காமலே புதியது வழங்கப்பட வேண்டும் எனவும் தலைவர் தெரிவித்தார். ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

எழுதி முடிக்க ஒரு நிமிடம். பேனையை மூட இரண்டு கிழமை. மூன்றாவது கிழமை பிரதி ஒன்றைக் கடித உறையில் போட்டு, செங்கலடியில் திரும்பி, பதுளை வீதியால் மோட்டார் சைக்கிளில் கரடியனாற்றுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அந்தப் பெண் அழக்கூடும், அப்போது என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

பூமணி வயலுக்குள் நின்றார். விதைப்பு முடிந்திருந்தது. மண்வெட்டியோடு வரப்பில் தண்ணீர் போகும் வக்கடையை அடைத்துக்கொண்டிருந்தார். வலது கால் சேற்றிலிருந்து சளக்கென்று வெளியே வந்தது. நான் அறியாத கால். விரல்கள் இல்லை. லொறி டயரை வட்டமாக வெட்டி அடித்த அகலமான பாதம். இலக்கம் இல்லை.

"இது எப்ப?"

"அண்டைக்கேதான். கூட்டம் முடிஞ்சி நீங்க எழுதிக்கிட்டு இரிந்தீங்க. கீழ, வாசல் படியில வச்சி லெனாட் ஐயா அளவெடுத்திட்டார். பத்து நாளில தந்திட்டார். சேத்துக்கு இதுதான் தோதாம்."

"அனுமதி இல்லாமலா?"

"அத நீங்க கொண்டு வருவீங்களாம். 'அந்தக் கிளாக்கர் பயந்தவன், ஆனா நல்ல எழுத்துக்காரன். எப்பிடியும் என்னத்தையாவது எழுதிப்போடுவான்' எண்டார்." கையை நீட்டினார். "கடிதத்தக் கொண்டாங்க. மனிசன்ட தம்பி கேட்டாக் காட்டணும்."

அழவில்லை. நான்தான் ஒத்திகையை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

5. உறுதிப்படுத்தல்

இப்போது சபையின் பொருட்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியவர் லெனாட். அனுமதியின்றிக் கால் வைத்திருப்பவர் பூமணி. இருவரையும் காப்பாற்ற இருந்தது என் பொய் ஒன்றுதான். அது உறுதிப்படாவிட்டால் அந்தக் காலைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டியவனும் நான்தான்.

அடுத்த கூட்டத்துக்குப் பூமணியை 'விசேட அழைப்பாளர்' என்று அழைத்திருந்தேன். தேநீர் வந்தது. பட்டிஸ் வந்தது. தலைவர் கூட்டறிக்கையைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டார். அவருக்கு இடமாற்றம் வந்திருந்தது. இடமாற்றம் வந்தவர்கள் கையெழுத்து வைப்பதற்கு முன் வாசிப்பார்கள். இதை நான் யோசிக்கவில்லை.

ஒவ்வொரு வரியாகப் போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. சத்தமாக வாசித்தார். சபை மெல்லுவதை நிறுத்தியது.

"ஐசே. இதை நான் எப்ப சொன்னனான்?"

நான் பேனையை மூடினேன். லெனாட் கூரையைப் பார்த்தார். பதில் மேசையின் கடைசியிலிருந்து வந்தது.

"நீங்கதான் ஐயா சொன்னீங்க" என்றார் பூமணி. "நான் இஞ்சதானே இரிந்தன். இந்த ரெண்டு காதாலயும் கேட்டன்."

தலைவர் அவரைப் பார்த்தார். பிறகு அவருடைய காலைப் பார்த்தார். பாதத்தில் காய்ந்த வயல் சேறு தரையில் உதிர்ந்திருந்தது.

"நெல் எப்பிடி?" என்று கேட்டார்.

"முழங்காலுக்கு மேல நிக்கிது ஐயா."

தலைவர் அந்த வரியை இன்னொரு தடவை, மனதுக்குள் வாசித்தார்.

"பரவாயில்லை, நல்லாத்தான் சொல்லியிருக்கிறன்" என்றார். "ஆர் வழிமொழியிறது?"

மேசையைச் சுற்றி எல்லாக் கையும் உயர்ந்தது. அன்று பின்னேரம் சிவப்பு மையால் இன்வென்டரியில் கால்கள் எல்லாவற்றையும் வெட்டினேன். அலுமாரிகளும் மணிக்கூடும் மிஞ்சின. வாழைச்சேனைக்காரருக்கு ஜனவரியில் கடிதம் போகவில்லை.

இத்தனை வருட வேலையில் நான் கற்றது இதுதான். கூட்டறிக்கையில் உண்மையைத்தான் எழுத வேண்டும். நான் எழுதியது உண்மையாவதற்கு மூன்று மாதம் பிடித்தது, அவ்வளவுதான்.