முன்சீட்டில் கிடந்த துண்டு

இன்றைக்கு எங்கள் கம்பத்தில் கைப்பேசி வைத்திருக்கிற எல்லோரும் இயக்குநர்கள். சுருளி அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள்கூட ஒரு ஆல்பம் பாட்டு எடுத்துக்கொண்டுதான் தலை துவட்டுகிறார்கள். போன மாதம் என் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் ஏதோ போட்டியில் பாட்டுக்குக் கதை சொல்லப் போவதாகச் சொல்லி, “அத்தை, ஒரு கான்செப்ட் குடுங்க” என்று கேட்டாள். அந்தத் துறையில் எனக்கு முன்னனுபவம் உண்டு, ஆனால் வெளியே சொல்லிக்கொள்ளும்படியான அனுபவம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் தெருக்களுக்கெல்லாம் கேபிள் இழுத்திருந்தவர் சொந்தமாக ஒரு சேனலும் வைத்திருந்தார். காலையில் பக்திப் பாடல், மாலையில் யார் வீட்டுக் கல்யாண வீடியோவாவது ஓடும். அவருக்கும் உள்ளூர் மெல்லிசைக் குழுவுக்கும் என்ன பேச்சு நடந்ததோ, குழுவினர் தாங்களே மெட்டுப் போட்ட ஒரு பாட்டை அவரிடம் கொடுத்தார்கள். மலைக்கு வேலைக்குப் போனவளை நினைத்து அடிவாரத்தில் நின்று ஒருவன் பாடுகிற பாட்டு. சினிமா இல்லாமல் தனியாக ஒரு பாட்டுக்குப் படம் என்பதே அன்று எங்களுக்கு அதிசயம். என்ன படம் எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் போட்டி என்று அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபத்துக்கு வந்து யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் கதை சொல்லலாம். முதல் பரிசுக் கதையைப் படமாக எடுத்து, அதைச் சொன்னவர் பெயரை முதலில் போடுவார்.

பெயர் டிவியில் வரும் என்பதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளின் பெயர், அவள் மாமா கல்யாண வீடியோவில் நன்றி சொல்லும் வரியில் ஒருமுறை ஓடியிருந்தது. அதிலிருந்து அவள் எங்களோடு பேசும்போது கொஞ்சம் நாடியைத் தூக்கித்தான் பேசுவாள்.

கதைக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. அம்மாவும் சித்தியும் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவார்கள். சித்தி என்பது அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்பா திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவதால், லீவு நாட்களில் என்னையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு போவார்கள். ‘போட்டுக்கொண்டு’ என்பது சரியான சொல். பத்துப் பேர் போகிற ஜீப்பில் பதினெட்டுப் பேர் ஏறுவார்கள். நான் யாராவது ஒருவருடைய தூக்குச்சட்டிக்கும் இன்னொருவருடைய முழங்காலுக்கும் நடுவில் பயணம் செய்திருக்கிறேன்.

அப்படிப் பயணம் செய்கிறவளுக்குக் கண்ணை வைத்துக்கொண்டு வேறு வேலை இல்லை. அதனால் சிலவற்றைப் பார்த்துவைத்திருந்தேன். எங்கள் தெருமுனைக்கு வண்டி வரும்போது, அத்தனை நெரிசலிலும் முன்சீட்டில் ஒரு சிவப்புக்கரைத் துண்டு கிடக்கும். யாராவது ஏறப் போனால் வண்டிக்காரர், “அங்கன ஆளிருக்கு” என்பார். சித்தி கிட்டே வந்ததும் துண்டு அவர் தோளுக்குப் போகும், சித்தி அங்கே உட்காருவாள். மற்ற ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவுகளில் போட்டி போட்டுக்கொண்டு பறக்கும்போது எங்கள் வண்டி மட்டும் சுவாமி புறப்பாடு மாதிரி திரும்பும். கம்பம்மெட்டில் டீக்கு நிறுத்தினால் எல்லோரும் டீ குடிப்பார்கள். சித்திக்கு மட்டும் ஒரு பன்னீர் சோடா வரும்.

பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? துண்டு, வளைவு, சோடா என்று மூன்று காட்சிகளாகப் பிரித்து நோட்டில் எழுதினேன். இது எங்கள் வீட்டு விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கற்பனை என்றுதான் முழுமனதாக நம்பினேன். எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி இளமையிலேயே வந்துவிடுகிறது.

போட்டியன்று மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அப்பா, பெண்கள் பக்கம் அம்மாவும் சித்தியும். எனக்கு முன்னால் பேசியவர் வைகை அணைப் பூங்காவில் காதலர்கள் ஓடுவதாகவும், அவர்கள் ஓடி முடித்ததும் இரண்டு பூக்கள் தலையாட்டுவதாகவும் சொன்னார். கைதட்டல். அப்புறம் என்னை ஒரு ஸ்டூலில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள்.

துண்டுக் காட்சியைச் சொன்னேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வளைவுக் காட்சியைச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்தேன். நடுவராக உட்கார்ந்திருந்த கேபிள்காரர் குனிந்து, “வண்டி எப்படி இருக்கும் பாப்பா?” என்று கேட்டார். நுணுக்கமாகச் சொன்னால்தான் மதிப்பெண் என்று தமிழ் ஐயா சொல்லியிருந்தார். பச்சைக் கலர் ஜீப், முன்கண்ணாடியில் ‘அன்னை பரிசு’ என்று எழுதியிருக்கும், ‘சு’ மட்டும் பாதி உரிந்திருக்கும் என்றேன்.

“ஏலே, இது நம்ம வடக்குத் தெருக்காரன் வண்டில்ல!” என்று ஒரு குரல் எழுந்தது.

நாங்கள் ஒரு தெரு, வண்டிக்காரர் இன்னொரு தெரு. எங்கள் ஊரில் தெருவென்றால் வீடுகளின் வரிசை மட்டுமில்லை, யார் யாரைக் கட்டலாம் என்பதும் அதில் அடங்கும். அந்த இரண்டு தெருக்களுக்கும் இடையிலிருந்த தூரத்தை நடந்தால் நாலு நிமிடம், மற்றபடி எந்த ஜீப்பாலும் கடக்க முடியாது. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது நான் கண்டது, அப்பா மெதுவாகத் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்ததையும், சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்ததையும்தான். சித்தியின் காது நுனி சிவந்திருந்தது. புழுக்கம் என்று நினைத்தேன்.

“முன்சீட்டுல இருக்கிற புள்ள யாரு பாப்பா?” என்று அதே குரல் கேட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். ரேஷன் கடை வரிசையில்கூடக் குரல் உயர்த்தாதவள்.

“என் தங்கச்சிதேன். அதுக்கென்ன இப்ப? அவளுக்கு மலையேறுனா ஒத்துக்காது. மூணாவது வளைவுலயே வாந்தி எடுத்துப்புடுவா. பின்னாடி வச்சு ஒருவாட்டி ஏழு பேரு சீல நாசமாப் போச்சு. அதேன் முன்னாடி துண்டப் போட்டு வைக்கிறாக.”

மண்டபம் ‘கொல்’லென்றது. நான் மைக்கில், “அப்ப வளைவுல மெதுவாப் போறது?” என்றேன். என் கதையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“வெடுக்குனு திருப்புனா கொடலப் பெரட்டுமா பெரட்டாதா? நீயே சொல்லு.”

“பன்னீர் சோடா?”

“வாய் கொப்புளிக்க வேண்டாமாடி, ஆத்தா!”

என் கவித்துவம் முழுவதும் மூன்றே பதிலில் வாந்தியாகிவிட்டது. சித்தியும் தன் பங்குக்கு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, வெளியே வேகமாகப் போனாள். பக்கத்து வரிசை அத்தைமார்கள் பாதத்தை இழுத்து வழிவிட்டார்கள். அப்பா தோளைத் தளர்த்திக்கொண்டு முன்பக்கம் திரும்பி, எல்லோரையும்விடச் சற்றுச் சத்தமாகவே சிரித்தார்.

முதல் பரிசு இரண்டு பூக்களுக்குப் போனது. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா. “கதை நல்லாத்தேன் இருக்கு பாப்பா. ஆனா வாந்திய எப்பிடிப் படமா எடுக்கிறது?” என்று கேபிள்காரர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அன்று மாலையே சித்தி அம்மாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். என் தோல்வியைத்தான் கொண்டாடுகிறார்கள் என்று எண்ணி சோப்பு டப்பாவைக் கிணற்றில் போட்டேன்.

திங்கட்கிழமை விடியலில் ஜீப் வந்தபோது அப்பாவே தெருமுனைக்கு வந்தார். வண்டிக்காரரிடம், “தம்பி, இந்தப் புள்ளைய முன்னாடியே உக்கார வையுங்க. வளைவுல பாத்துத் திருப்புங்க” என்று சொன்னார். வண்டிக்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, “சரிங்கய்யா” என்றார். அன்றிலிருந்து துண்டுக்கு வேலை இல்லை. ஜீப்பில் இருக்கிற பதினேழு பேரும், “ஏத்தா, நீ முன்னால போ, எங்க சீலைய விட்டுரு” என்று அவளை முன்னால் தள்ளினார்கள். நாசமாகிப் போன அந்த ஏழு சேலைகள் யாருடையவை என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஊர்கூடிப் போட்டுக்கொடுத்த இருக்கை. அந்தக் காய் சீசன் முழுக்க சித்தி அதில்தான் போனாள்.

அதோடு அம்மா தினம் ஒரு எலுமிச்சம்பழத்தையும், தெருவே பார்க்கும்படி, வாசலில் வைத்து அவள் கையில் கொடுப்பாள். “மோந்துக்கிட்டே போ” என்பாள். சித்தியும் அதைக் குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தில் ஏந்திக்கொண்டு போவாள். மாலையில் பழம் ஒரு நகக்கீறல்கூட இல்லாமல் திரும்பி வரும். அம்மா அதைப் பிழிந்து மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கிளறித் தருவாள். அந்த வருடம் நான் தின்ற எலுமிச்சம்பழச் சோற்றுக்கு அளவில்லை. வாந்திக்குக் கொடுத்தனுப்பிய பழம் ஏன் தினமும் முழுசாக வீடு திரும்புகிறது என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உப்புக் கம்மி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.