நான் பையனாக இருந்த வருடத்தின் புதுநன்மை

எட்டு வயதில் ஏறக்குறைய ஒரு வருடம் நான் பையனாக இருந்தேன். வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆட்சேபணை எல்லாம் வெளியிலிருந்துதான் வந்தது.

எனக்கு மேலே இரண்டு அண்ணன்கள். அவர்களுக்குப் பத்தாமல் போன கால்சட்டைகளெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. நாங்கள் இருந்தது கடலோரத்தில், குருசுக்குப்பத்தை ஒட்டிய தெருவில். அப்பா மில்லில் நூற்பு வேலை, அம்மா வீட்டில் தையல். ஒரு பெரிய லீவில், யாரும் தொடக் கூடாத அம்மாவின் கத்தரியை எடுத்து என் இரண்டு சடைகளையும் நறுக்கிவிட்டு, அண்ணன்களிடம், "இனிமே என்னைத் தம்பின்னு கூப்பிடுங்க" என்று அறிவித்தேன். அம்மா ஓடிவந்து முதலில் கத்தரியைத்தான் எடுத்துப் பார்த்தாள். முனை மழுங்கிப் போயிருக்குமோ என்று அவளுக்குப் பயம். மழுங்கவில்லை என்று தெரிந்த பிறகு என்னை முக்காலியில் உட்காரவைத்து, எலி கடித்தது மாதிரி இருந்த தலையைச் சீராக்கிவிட்டாள். தலையெல்லாம் பஞ்சோடு ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, "யாருடா இது புதுப் பையன்?" என்றார். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

எங்கள் வீட்டில் சாயங்காலம் செபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு வேண்டுதல் சொல்ல வேண்டும். என்னைச் சீக்கிரம் முழுப் பையனாக ஆக்கிவிடும்படி அந்தோணியாரிடம் சத்தமாகக் கேட்டேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். பிறந்து வரும் வழியில் எதையோ தொலைத்துவிட்டேன் என்பது என் கட்சி. அண்ணன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பா அவர்களை முறைத்தார். அம்மா, "கேட்டுட்டல்ல, இனிமே அவரு பாத்துக்குவாரு. சாப்பிட வா" என்று எழுந்து போனாள்.

அந்த வருடம்தான் எனக்குப் புதுநன்மை. பூசையில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் அந்த நாள், எங்கள் கோயில் பங்கில் ஒரு கல்யாணத்துக்குச் சமம். பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பெண்பிள்ளைகளுக்கு லேஸ் வைத்த நீள கவுன், முக்காடு, தலையில் துணிப்பூ வளையம். அந்த கவுன்களைத் தைப்பதில் அம்மாவுக்குப் பெரிய பேர். லேஸை அவள் சுருக்கி வைக்கிற நேர்த்தியைப் பார்க்கவே பெண்கள் கோயில் வாசலில் நிற்பார்கள். எனக்கென்று ஒரு லேஸ் பிஸ்கட் டப்பாவில் தனியாக இருந்தது. நான் பிறந்தபோது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவரின் மனைவி, மதாம் என்று நாங்கள் சொல்லும் அம்மாள், பிரான்சிலிருந்து வந்ததைக் கொடுத்திருந்தாள். அம்மா அவ்வப்போது அதை வெளியே எடுத்து, வெயில் காட்டி, மடித்து வைப்பாள். அந்த லேஸ் எனக்கு ஜென்ம விரோதி. கவுன் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஞானோபதேச வகுப்பு எடுத்த சிஸ்டரிடமும் அதையே சொன்னேன். "உன்னைப் படைச்சது யாரு?" என்று கேட்டார். ஆண்டவர் என்றேன். "என்னவாப் படைச்சாரு?" என்றார். "அது அவருக்கும் எனக்கும் உள்ளது" என்றேன். எங்கே கற்றுக்கொண்டேனோ, அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாளே அம்மாவையும் அப்பாவையும் கோயிலை ஒட்டிய சாமியார் பங்களாவுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

என்னைக் கதவோரம் நிற்கவைத்துவிட்டுப் பேசினார்கள். சிஸ்டர் கெட்டவர் இல்லை, என்மேல் அக்கறை உள்ளவர். அதுதான் ஆபத்தாக இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த கன்னியர் மடத்துப் போர்டிங்கில் ஒரு வருடம் என்னை விட்டால் பெண்பிள்ளையாகப் பழக்கி அனுப்புவதாகவும், அதற்குப் பிறகு புதுநன்மை வாங்கலாம் என்றும் சொன்னார். பங்குசாமியாரும் தலையாட்டினார்.

"ஆண்டவர் பொண்ணாப் படைச்சிருக்காரும்மா. அத மறுக்க வுடலாமா?" என்றார் சிஸ்டர்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினாள். "படைச்சவரு கையில இருந்துதான் நானும் இவள வாங்கினேன் சிஸ்டர். அடிச்சு கவுன் மாட்டிவுட்டா மாட்டிக்குவா. அதனால பொண்ணா ஆயிடுவாளா? எட்டு வயசுதான ஆவுது. இருக்கட்டும்."

"நீங்க செல்லம் குடுத்துக் கெடுக்கறீங்க."

அப்பா மேல்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சாமியாரைப் பார்த்தார். "சாமி, இதுக்கு ஞானஸ்நானம் குடுத்தது நீங்கதான். இந்தப் பிள்ளைய வேதத்துல வளக்கற பொறுப்ப ஏத்துக்கறீங்களான்னு எங்க ரெண்டு பேரயும் நிக்கவெச்சுக் கேட்டீங்க. ஏத்துக்கறோம்னு சொன்னோம். மடத்தக் கேக்கல, எங்களத்தான் கேட்டீங்க. அந்த வார்த்தைய நாங்க இன்னும் திருப்பிக் குடுக்கல."

மில்லில் சூப்பர்வைசரைப் பார்த்தாலே பேச்சு குழறுகிற மனிதர் அவர். அன்று ஒரு எழுத்து தடுக்கவில்லை. சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போர்டிங் உங்க இஷ்டம், பெத்தவங்க நீங்க. ஆனா கவுனும் முக்காடும் இல்லாம பொம்பளப் பிள்ளைய நான் பீடத்துக்கு எப்படிக் கூப்புடறது? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

அந்த வாரம் தையல் மெஷின் சத்தம் அடிக்கடி நின்றுபோனது. வெட்டிய கவுன் துணிகள் குவிந்து கிடந்தன. எனக்கு மட்டும் அளவு எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அன்று, தைத்த துணியைக் கொடுக்க மதாம் வீட்டுக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மதாம் என் கிராப்புத் தலையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது அந்தப் பொண்ணா? பையனாட்டம் இருக்கே" என்றாள். "ஆமாம் மதாம், ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதாமின் பேரப்பிள்ளைகள் பிரான்சில் புதுநன்மை வாங்கிய போட்டோ அங்கே தொங்கியது. ஏழெட்டு வருடமாக அதற்குக் கீழே நின்றுதான் அம்மா துணி கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபது முப்பது பிள்ளைகள், எல்லாருக்கும் கணுக்கால் வரை ஒரே வெள்ளை அங்கி, கழுத்தில் ஒரு மரச்சிலுவை. எது பையன், எது பெண் என்று தெரியவில்லை.

"இது என்னா உடுப்பு மதாம்?"

"அதா, ஓப்னு பேரு. அங்கெல்லாம் இப்ப அதான். ஏழை பணக்காரன் தெரியக் கூடாதுன்னு ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணே போட்டுடறாங்க."

அம்மா அந்தப் போட்டோவைக் கெஞ்சி வாங்கி, துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே பங்களா. சாமியார் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து, "பிரான்சுலயா?" என்றார். "பிரான்சுலதான் சாமி. எல்லாப் பிள்ளைங்களுக்கும் இதே மாதிரி நானே தைச்சுத் தரேன்." வெள்ளைக்காரச் சாமியார்களிடம் படித்தவர் அவர். ரோமாபுரி சொன்னால் யோசிப்பார், பிரான்ஸ் சொன்னால் யோசிக்க மாட்டார் என்று அப்பா பின்னால் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சிஸ்டர் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. நம் ஊர் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்றார்.

அம்மா இந்தமுறை தலை குனியவில்லை. "ஞானஸ்நானத்துல பிள்ளைங்களுக்கு வெள்ளை உடுப்பு போர்த்தறீங்களே சிஸ்டர், பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணுன்னா போர்த்தறீங்க? அன்னிக்கு ஆண்டவரு ஏத்துக்கிட்ட உடுப்பு இன்னிக்கு மட்டும் வேணாம்னுடுவாரா?"

சிஸ்டர் போட்டோவை வாங்கிப் பார்த்தார். பிறகு வேறு எதையோ கேட்டார். "பதினாறு கவுன் ஒத்துக்கிட்டிருக்கியே, எல்லாம் பாதி தைச்சிருப்பியே?"

"பிரிச்சுடறேன் சிஸ்டர்."

"இனிமே வருசா வருசம் இதான்னு ஆயிடும்மா."

"ஆவட்டும்."

நான் கதவோரத்தில் இருந்தே குதித்தேன். இனி லேஸ் என்ற பேச்சே இல்லை. என் வெற்றியின் உயரம் அந்த அளவுக்குத்தான் எனக்கு எட்டியது.

நாற்பத்தொரு அங்கிகள். சில தாய்மார் கவுன் போச்சே என்று முணுமுணுத்தார்கள். துணி எடுக்க வழியில்லாமல் பெயர் கொடுக்காமல் இருந்த இரண்டு மில் வீட்டுப் பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தன. என் அங்கியை அம்மா கடைசியாகத் தைத்தாள். முந்தின நாள் மத்தியானம் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு, பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அந்த லேஸை அங்கியின் கீழ் மடிப்புக்கு உள்ளே வைத்துக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். நான் சண்டைக்குப் போனேன்.

"வெளிய தெரியாதுடா. பாரு, உள்ளதான்."

"உள்ள எதுக்கு?"

"கனத்துக்கு. கோயில் வாசல்ல கடல்காத்து அடிக்கும். உடுப்பு பறக்காம இருக்கணுமில்ல."

நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் சிஸ்டர் வரிசை கட்டும்போது எந்தப் பக்கம் நான் நிற்பது என்று ஒரு கணம் தயங்கினார். பையன்கள் வலது, பெண்பிள்ளைகள் இடது என்பது காலகாலமாக இருந்த முறை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு, "எல்லாரும் உயரப்படி நில்லுங்க" என்று சத்தம் போட்டார். என் கழுத்தில் திரும்பிக் கிடந்த சிலுவையை நேராக்கியதும் அவர்தான். நாற்பத்தொரு பேரில் நான்தான் குள்ளம். அதனால் நான்தான் முதல். கோயில் மணி அடிக்க, கையில் மெழுகுவத்தியோடு, நாற்பது பேரைப் பின்னால் இழுத்துக்கொண்டு நான் நடந்த நடையை ஒரு தளபதியும் நடந்திருக்க மாட்டான். அண்ணன்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். அப்பா இறங்கச் சொல்லவில்லை.

அந்தோணியார் என் வேண்டுதலைத் தந்தாரா, இல்லை என்றாரா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஒருநாள் நானே ஒரு தாவணி கேட்டேன். அம்மா அளவு நாடாவை எடுத்தாள். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், தலை மட்டும் இப்போதும் கிராப்புதான். எங்கள் பங்கில் அதற்குப் பிறகு லேஸ் வைத்த கவுனை யாரும் தைக்கவில்லை. அம்மா உட்பட.

அன்றைக்கு நன்மை வாங்கித் திரும்பும்போது கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் சிரித்த முகமாக, கண்ணில் நீரோடு, என் அங்கியின் கீழ் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் பறக்கிறதோ என்று கவலைப்படுகிறாள் என நினைத்து, பறக்கவில்லை என்று நான் கையை ஆட்டிக் காட்டினேன்.