மதினியின் பாதத்துக்கு எட்டாத தாளம்

மேடைப் பலகையில் வெறுங்காலோடு நின்றபடி மதினி என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டியது இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. தேனியில் ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் மகளிர் குழுவின் ஆண்டு விழா. எட்டுப் பெண்கள் ஆட வேண்டிய இசையை ஒத்திகைக்காக ஒலிக்கவிட்டிருந்தேன். கணினியிலேயே நான் உருவாக்கிய முதல் நடன இசை அது. ஏழு பேர் எப்படியோ சமாளித்து ஆடினார்கள். என் அண்ணன் மனைவி மட்டும் அடியெடுத்து வைக்காமல் நின்றார்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மதினிக்குக் காது மந்தமாகிவிட்டது. மெஷின் மாட்டினால் எதிரே நின்று பேசுவது புரியும். பாட்டு வெறும் இரைச்சல்தான். அதனால் தாளத்தைக் காலால் வாங்கிக்கொள்வார். பலகைக்கு அடியில் பெரிய ஸ்பீக்கரை வைத்தால், கிக் டிரம்மின் ஒவ்வொரு 'தும்'மும் பாதத்தில் வந்து முட்டும். முந்தைய விழாவில் அடி தவறி முன்வரிசையில் சிரிப்பு எழுந்ததிலிருந்து அவர் ஆடவே இல்லை. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி இந்த முறை சம்மதிக்க வைத்திருந்தேன்.

"தம்பி, அடியே தெரியல. பலகை பூராவும் மொத்தமா அதிருது. நாளைக்கு எல்லாரும் வந்துருவாக. இந்தத் தடவையும் தப்புனா இனி நான் மேடைப்பக்கமே வரமாட்டேன்" என்றார். கோபமே இல்லாமல் அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சொந்த ஊரான கம்பத்துக்குத் திரும்பிய கையோடு நானும் மதினியும் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கிருந்த மோட்டார் ரூம்தான் அன்றைக்கு என் ஸ்டூடியோ. வீட்டில் டொம் டொம்மென்று போட்டால் அப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். இங்கே மோட்டாரின் சத்தத்தோடு சத்தமாக நானும் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கிக்கைக் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி கூட்டினேன். ஒன்றும் தெளியவில்லை.

அப்போது மும்முனை மின்சாரம் நின்று மோட்டார் அடங்கியது. விளக்கும் கணினியும் மட்டும் அணையவில்லை. ஹெட்ஃபோனில் கேட்டவன் அரண்டுபோனேன். கிக்குக்குக் கீழே இழுத்துப் பிடித்து ஒலிக்க வேண்டிய பேஸ் என்னும் கனத்த அடிநாதம், யானை படுத்தது மாதிரி எல்லாவற்றின் மேலும் கிடந்தது. மோட்டாரின் உறுமலும் பேஸும் ஏறக்குறைய ஒரே கனம். உறுமல் பேஸை விழுங்க விழுங்க, போதவில்லை போதவில்லை என்று மாதக்கணக்காகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். என்னைப்போல ஒரு மடையன் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்திருக்க மாட்டான்.

பேஸை இறக்கினேன். ஒவ்வொரு கிக் விழும்போதும் அது கண்ணிமைக்கும் நேரம் ஒதுங்கி வழிவிடுமாறு அமைத்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மூலையிலிருந்த ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டேன். மதினி அதன் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டார்.

"இன்னும் எறக்கு தம்பி. ம்... இப்ப வருது. ஒண்ணு, ரெண்டு, மூணு. இந்தா, இங்கன விழுகுது பாரு, இதத்தான் காணாமத் தேடுனேன்."

இன்று தேனியில் சுவரெல்லாம் பஞ்சு பதித்த ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆனாலும் யாருக்கு இசை செய்தாலும், ஒருமுறை ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

அன்றைக்கு மறுநாள், விழாவில் மண்டபம் நிரம்பி வழிந்தது. நான் மேடையோரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் கூட்டம் விசிலடித்துக் கத்தத் தொடங்கியது. பாட்டு சுத்தமாகக் கேட்கவில்லை. ஒருத்தி தடுமாறினாள், பிறகு இன்னொருத்தி. போச்சு, எல்லாம் போச்சு என்று மதினியைத் தேடினேன். அவர் எதுவும் நடக்காததுபோல, ஒரு அடி பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தார். அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காது நன்றாகக் கேட்கிற ஏழு பேரும் குனிந்து மதினியின் காலைப் பார்த்துப் பார்த்துத் தாளத்துக்குத் திரும்பினார்கள்.