குத்திக்கொண்ட புருவம்

எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூரில் நான் நர்ஸாக இருந்தபோது, வாரச் சந்தைக்குப் புளி விற்க வரும் ஒரு பெண் எனக்குப் பழக்கமானாள். அகன்ற முகம், வாய் நிறையச் சிரிப்பு. புருவத்தில் மட்டும் ஏழெட்டு முடிதான். மையால் வரைந்துகொண்டு கிளம்புவாள். நடந்து வந்து சேர்வதற்குள் அது வேர்வையில் கன்னத்துக்கு இறங்கியிருக்கும்.

ஒரு சந்தையன்று இமை வீங்கிப்போய் வந்தாள். பச்சை குத்துகிறவளிடம் புருவம் குத்திக்கொண்டாளாம். கண்ணுக்கு இவ்வளவு பக்கத்திலா என்று திட்டிக்கொண்டே மருந்து போட்டேன்.

அடுத்த வாரம் வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் இடது புருவம் வலதைவிட அரை விரல் மேலே இருந்தது. அவள் கண்ணாடி கேட்டபோது தரத் தயங்கினேன். அவளே பிடுங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவ குத்திக்கினு இருக்கும்போது நான் சிரிச்சிட்டேன் நர்சம்மா, அவ இன்னா பண்ணுவா? இனிமே வேர்த்தா அழியாது, பாருங்க!"

"சரி, இப்ப எங்க கிளம்பிட்ட?"

"அவகிட்டதான். மோவாயில ஒரு பொட்டு குத்திக்கணும்."

"மறுபடியும் அவகிட்டயேவா?"

"என் மூஞ்சியிலதான அவளுக்குக் கை பழகிச்சு. வேற ஆள்னா முதல்லேர்ந்து பழகணுமே!"

சிரித்தபடி சந்தைக்குள் போய்விட்டாள். என் புருவங்கள் இரண்டும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஆனாலும் அவளைப்போல அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் கண்ணாடி பார்த்ததில்லை.