பலகை வாங்கப் போய் அழுதோம்

இன்று நானும் மனைவியும் செஞ்சி கடைத்தெருவுக்குப் போனோம். எங்கள் கைக்குழந்தை தூங்கும் அறையில் சுவர் அலமாரி செய்யப் பலகை வேண்டும்.

மெட்ராஸிலிருந்து வந்த புது ஒட்டுப்பலகை கடை முழுக்க அடுக்கியிருந்தது. நுழைந்ததுமே பசை நெடியில் எங்கள் இருவர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

கடைக்காரர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தபடி கத்தினார்: "நல்ல சரக்கு சார்! கரையானே வராது!"

"நீங்க ஏன் உள்ள வர மாட்டேன்றீங்க?" என்றாள் மனைவி.

"எனக்கு மூச்சு முட்டுதும்மா!"

"எங்க கொழந்தைக்கு முட்டாதா?"

மூலையில் கிடந்த வேப்பம்பலகைகளை வாங்கிக்கொண்டு, கண்ணீர் வழிய வெளியே வந்தோம்.

கடை வாசலில் எதிர்ப்பட்ட எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பலகையையும் எங்கள் முகத்தையும் பார்த்துப் பதறிவிட்டார்.

"அய்யய்யோ, சவப்பெட்டிக்கா? யாரு சார் தவறிட்டாங்க?"

அலமாரிக்கு என்றோம். நம்பவில்லை, அவரும் அழ ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அவரை எப்படித் தேற்றுவது? யாராவது சொல்லுங்கள்.