ஏழாம் நம்பர்

ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தேன். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தேன். என் மகளைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காதான். மகள் அவரையே 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"பள்ளிக்கூட வேலைன்னா சாயங்காலம் வீட்டுல இருக்கலாம்லா, போயிட்டு வா," என்றார் என் கணவர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள்.

சர்ச்சில் கீபோர்டு வாசிப்பது நான்தான். கல்யாணமோ அடக்க ஆராதனையோ, கூப்பிட்டால் போய்விடுவேன். எனக்கென்ன பயம்?

இன்டர்வியூ எடுத்தவள் பெங்களூர்ப் பெண், என்னைவிடச் சின்னவள். ஒரு சி.டி.யைப் போட்டு, "இது என்ன இன்ஸ்ட்ருமென்ட்?" என்றாள்.

"ஏழு," என்றேன்.

"என்ன ஏழு?"

"ஏழாம் நம்பர் மேடம். கீபோர்டுல ஏழை அமுக்கினா இந்தச் சத்தம்தான் வரும்."

எங்கள் சர்ச் கொயரில் அப்படித்தான் பேசிக்கொள்வோம். திருவிருந்து ஆராதனைக்கு இருபது, கல்யாணத்துக்கு ஏழு. நம்பருக்குப் பக்கத்தில் இருந்த பெயர்கள் எப்போதோ தேய்ந்துவிட்டன. எல்லாம் கீபோர்டு செய்த கம்பெனிக்காரன் உண்டாக்கிய சத்தங்கள் என்றே நினைத்திருந்தேன்.

அவள் ஒரு படத்தைக் காட்டினாள். மூடியைத் தூக்கிக்கொண்டு, பூ வேலைப்பாட்டோடு ஒரு நீளமான மரப்பெட்டி. ஹார்ப்சிகார்டாம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால், பரோக் காலத்தில், ராஜா வீடுகளில் வாசித்தார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழாம் நம்பருக்கு உடம்பு இருந்திருக்கிறது!

"அதுல மெல்லத் தொட்டாலும் பலமா அமுக்கினாலும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான். அப்பறம் வந்தது பியானோ. மெல்லவும் வரும், பலமாவும் வரும். முழுப்பேரு பியானோஃபோர்ட்டே, அர்த்தமே அதுதான்," என்று மூலையில் இருந்த பியானோவைக் காட்டினாள். "வாசிங்க."

வாசித்தேன். அறையே அதிர்ந்தது. வெளியே கூட்டிக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்தார். எங்கள் சர்ச் கீபோர்டும் எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம் போடும் ரகம். அப்படியானால் அத்தனை அடக்கத்துக்கும் அத்தனை கல்யாணத்துக்கும் நான் ஒரே பலத்தில்தான் தட்டியிருக்கிறேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"மெல்லங்க," என்றாள். மெல்ல அமுக்கினேன், சத்தமே வரவில்லை. மறுபடி அமுக்கினால் இடி.

"வீட்ல சின்னக் கொழந்தை இருக்குன்னு சொன்னீங்கள்ல? தூங்க வைக்க முதுகுல தட்டுவீங்களே, அந்த அளவு போதும்."

கையைத் தூக்கினேன். அந்த அளவு எது? எவ்வளவு யோசித்தும் கைக்கு அது நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

வேலை என்னவோ கிடைத்துவிட்டது. வேறு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். "ஜூன்ல ஸ்கூல் தொறக்குது. அதுக்குள்ள கையைப் பழக்கிட்டு வாங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளை மடியில் போட்டு முதுகில் தட்டினேன். அவள் நெளிந்து, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மெல்லகா," என்றாள், அந்த அக்காவின் தெலுங்கில். தமிழில் 'மெல்ல' என்ற வார்த்தையை நான் அவளுக்குச் சொல்லித் தந்ததே இல்லை.