தேதி கிழிக்கும் கை

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தேதி கிழிப்பது என் வேலை. கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். குளித்து விளக்கேற்றி, நேற்றைய தாளைக் கிழித்து, ராகு காலம் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கு வலது மார்பில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். எடுத்த இடம் பெரியது, மூடுவதற்குத் தோல் போதவில்லை. அதனால் முதுகிலிருந்து ஒரு தசையைத் தோலோடு முன்பக்கம் திருப்பிக் கொண்டுவந்து வைத்துத் தைத்தார்கள். பார்க்க மார்பு மாதிரியே இருக்கும் என்றார் டாக்டர். இந்த வயதில் எனக்கெதற்கு என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

காயம் ஆறிவிட்டது. வலது கை மட்டும் தோளுக்கு மேல் எழவில்லை. முதுகில் யாரோ பட்டை போட்டு இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கும். ஜாக்கெட் போட முடியாமல் நைட்டியும் மேலே ஒரு துண்டுமாக இருந்தேன். அதையும் பொறுத்துக்கொண்டேன். தலைதான் வாரிக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்காரர் வாரிவிடுவார். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மூட்டைக்குக் கயிறு போடுகிற மாதிரி ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றுவார். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றால் எனக்கு உயிரே போய்விடும். தலையை இழுத்துக்கொள்வேன்.

“ஆடாதம்மா. கோணிக்கிச்சின்னா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது” என்பார்.

என் கொண்டையை நானே போட்டுக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

குரோம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற சின்னப் பெண், “சுவரைப் பாத்து நின்னு, நண்டு ஊர்ற மாதிரி விரலை மேல ஏத்துங்கம்மா. தினம் கொஞ்சம் கொஞ்சமா” என்று சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் காலண்டரை இறக்கி, என் தோள் உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு விரல்கடை மேலே புது ஆணி.

“எட்டிக் கிழி. எட்டலைன்னா நம்ம வீட்ல இன்னிக்கும் நேத்துதான்.”

முதல் வாரம் எட்டியது. இரண்டாவது வாரம் ஒருநாள் சுவரில் கையை அழுத்தியபோது, புதிதாக வைத்த சதை தானாக ஒரு துடி துடித்தது. வலையில் மாட்டின மீன் மாதிரி. தையல் உள்ளே அறுந்துபோயிற்று என்று பயந்துவிட்டேன். யாரிடம் சொல்வது? அந்த இடத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசினதே கிடையாது. பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

ஆனால் தேதி கிழிக்க வேண்டுமே. அவர் பால் பூத்துக்குப் போகிற நேரம் பார்த்து, மணையைச் சுவரோரம் போட்டு ஏறி நின்று கிழித்தேன். மணை போதாமல் போனதும் முக்காலி. அவர் வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாக அடுத்த ஆணியைத் தேடுவார்.

மறு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரே முந்திக்கொண்டார். “நல்லா எட்டுதும்மா. அஞ்சு ஆணி அடிச்சாச்சு.”

அந்தப் பெண் என் கையைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். முன்பு எழுந்த அளவுகூட எழவில்லை.

“வீட்ல எட்டுறது இங்க எட்டலையாம்மா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“சார், நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்று அவரை அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். நானே சொன்னேன்.

“அது அசையுது, பாப்பா.”

அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கையால் மேசையை அழுத்தச் சொன்னாள். துடித்தது.

“இதானே? ஒண்ணும் அறுந்துபோகலம்மா. இது முதுகுத் தசை. கையை அழுத்தினா, இழுத்தா இதான் வேலை செய்யும். டிரான்ஸ்பர் ஆகி முன்னால வந்துடுச்சு, ஆனா பழைய ஆபீஸ் வேலையையே பாத்துகினு இருக்கு. உயிரோட இருக்கறதாலதான் துடிக்குது. வலிச்சா, வீங்கினா சொல்லுங்க. துடிச்சா பயப்படாதீங்க. சரி, அப்ப தேதி எப்படிக் கிழிச்சீங்க?”

“முக்காலி போட்டு.”

“இடது கையால கிழிச்சிருக்கலாமே?”

“அது எப்படிம்மா, நாளும் பொழுதுமா இடது கையால கிழிக்கறது?”

அதற்குத்தான் சிரித்தாள்.

திரும்பி வரும்போது, மின்சார ரயிலில் சானடோரியம் தாண்டின பிறகு, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“எப்படிச் சொல்றது?”

“அசையுதுன்னு சொல்றது.”

வீட்டுக்கு வந்ததும் காலண்டரை எடுத்துக் கீழே இருந்த முதல் ஆணியில் மாட்டினார். முக்காலியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். மறுநாள் முதல் நான் சுவரில் விரல் ஏற்றும்போது அறையிலேயே இருந்தார், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு. துடித்தால் நான் “ம்” என்பேன். “டிரான்ஸ்பர் கேசு” என்பார் திரும்பாமலே.

தீபாவளி கழிந்து ஐந்தாவது ஆணியும் எட்டிவிட்டது. அன்றைக்குத் தேதியைக் கிழித்த கையோடு சீப்பை எடுத்தேன். கை பின்னால் போயிற்று. முதுகு இழுத்தது, மார்பு ஒருமுறை துடித்தது, கொண்டை நின்றது.

அவர் வழக்கம்போல ரப்பர் பேண்டை விரலில் மாட்டிக்கொண்டு வந்தார். பார்த்தார்.

“கோணலா இருக்கு.”

“இருக்கட்டும்.”

ரப்பர் பேண்டை விரலிலிருந்து கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் தலையை அவிழ்த்துவிட்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். சீப்பைப் பின்னால் நீட்டினேன். வலது கையால்தான்.

“ஏன், கை வலிக்குதா?”

“இல்ல.”

அவர் சீப்பை வாங்கிக்கொண்டார். வாரி முடித்து நாலு சுற்றுச் சுற்றினார். வாசல் கதவு திறந்துதான் இருந்தது.